'ப' போச்சு, 'ழ' போச்சு!

எங்க குப்பத்தில் உப்பு இல்லாத ஒரே இடம் நான் வைக்கிற ரசம். மற்றபடி ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், டி.வி.யின் முதுகு என்று எல்லாவற்றிலும் உப்புதான். ஒரு பக்கம் பழவேற்காடு ஏரி, மறு பக்கம் கடல். 1613-ல் டச்சுக்காரன் கட்டிய கோட்டையே மண்ணாகிப்போன ஊரில் என் லேப்டாப் எம்மாத்திரம்?

லேப்டாப் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இலவசம் சார்! எங்க திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் 2011 செப்டம்பர் 15-ம் தேதி ஜெயலலிதா அந்தத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். நான் அப்போ பிளஸ் டூ. அதை வைத்துத்தான் பி.காம். முடித்தேன். முதல் கட்டுரையும் அதில் அடித்ததுதான்.

போன மழையில் திடீரென்று 'ப' போச்சு. கூடவே 'ழ'வும் போச்சு. தமிழ்99 முறையில் அடிக்கிறவர்களுக்குத் தெரியும், இங்கிலீஷ் 'ஜே' பொத்தான்தான் 'ப'. சாய்கோட்டுப் பொத்தான் 'ழ'. 'பழவேற்காடு' என்று அடித்தால் 'வேற்காடு' என்று வருகிறது. நான் கருமாரியம்மன் கோயிலைப் பற்றி எழுதுகிறேன் என்றுதான் ஆசிரியர் நினைத்திருப்பார். 'அப்பா' என்று அடித்தேன். 'அஆ' என்று வந்தது, பல்வலிக்காரன் மாதிரி.

சிரிப்பு அதோடு நின்றது. மறுநாள் லேப்டாப் திறக்கவே இல்லை. பாஸ்வேர்டில் ஒரு 'ஜே' இருந்தது. (யார் பேர் என்று கேட்காதீர்கள். வீட்டுக்காரி இந்தப் பத்திரிகை படிப்பாள்.)

உள்ளே அப்பா இருந்தார். ஏரியில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. எந்த இடம் எந்த நாளில் யாருக்கு என்று முறை உண்டு. பாடு என்போம். அந்தக் கணக்கு, எங்கே சேறு, எங்கே மணல், எந்தக் காற்றுக்கு இறால் வரும்... அவர் போவதற்கு முன் ரெண்டு மழைக்காலம் உட்காரவைத்துக் கேட்டு அடித்தது, நாற்பது பக்கம். இரட்டைப் பதிவு முறையைக் கரைத்துக் குடித்த பி.காம். பட்டதாரி, இதற்கு ஒரே ஒரு பிரதிதான் வைத்திருந்தான்.

பொன்னேரியில் ரயிலேறி ரிச்சி தெருவுக்கு ஓடினேன். கடைப் பையன் வெளியிலிருந்து ஒரு யு.எஸ்.பி. கீபோர்டைச் செருகி, "பாஸ்வேர்டு சொல்லுங்கண்ணா" என்றான். அவன் காதில் சொன்னேன். "'ஜே' ஒண்ணா ரெண்டா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டான். ரெண்டு நிமிஷத்தில் அப்பா பென் டிரைவுக்கு வந்துவிட்டார். நான் அழவில்லை. தூசிதான் சார்.

கீபோர்டுக்குள் எழுத்துக்கு எழுத்து தனி ஒயர் கிடையாதாம். பிளாஸ்டிக் தாள்களில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், வலை மாதிரி. அமுக்கினால் ஒரு கோடும் இன்னொரு கோடும் தொடும். உப்பு ஈரம் ஒரு கோட்டைத் தின்றால் அந்த வரிசை எழுத்தெல்லாம் காலி. வலை என்றால் ஊசி நூல் எடுத்துப் பொத்துவேன். இதை அடியில் உருக்கி ஒட்டியிருக்கிறார்கள், பிரிக்க முடியாது. "மொத்தமா மாத்தணும். இந்த மாடலுக்கு இப்ப கீபோர்டு கிடைக்காதுண்ணா. பேசாம புதுசு வாங்கிடுங்க."

புதுசு வாங்க அம்மா விடவில்லை. "உங்கப்பன் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்த மிஷின்டா அது" என்றாள்.

அப்போதுதான் கூடப் படித்த சிநேகிதன் ஞாபகம் வந்தது. அவனுக்கும் அதே வருஷம், அதே மாடல். ரெண்டே வருஷத்தில் திரை உடைந்து, அவன் அம்மா பிளாஸ்டிக் கவரில் சுற்றி பீரோ மேல் போட்டுவிட்டாளாம். "எடுத்துக்கடா மச்சான், இறால் வாங்கித் தந்துடு" என்றான். ஏரியிலேயே கிடப்பவனுக்கு நான் இறால் வாங்கித் தர வேண்டுமாம்!

திருகைக் கழற்றி, நாடா மாதிரி இருக்கிற கேபிளை மூச்சைப் பிடித்துக்கொண்டு மாற்றினேன். 'ப' வந்தது. 'ழ' வந்தது. ஆனால் 'அ', 'இ', 'உ', 'ஈ' நாலு பொத்தானிலும் எழுத்து தேய்ந்து மொட்டையாக இருக்கிறது. ஏன் என்று புரியாமல் அவனையே கேட்டேன்.

"அதாண்டா கேம்ல ஓடுற பட்டன். பிளஸ் டூ பரீட்சைக்கு நான் வேற எப்படிப் படிச்சேன்னு நெனச்சே?"