பாம்பும் கீரியும் ஒரே கிளையில்

உங்கள் வீட்டில் பத்து வயதுக்கு மேல் ஒரு பையன் இருக்கிறானா? இருந்தால் இந்தக் கட்டுரையை முதலில் அவனிடம் படித்துக் காட்டிவிடுங்கள். தப்பு இருந்தால் திருத்துவான். வீடியோ கேம் விஷயத்தில் நான் கத்துக்குட்டி. எனக்கு இரண்டு குருமார்கள். இருவரும் என் தம்பியின் பிள்ளைகள்.

2018 தீபாவளிக்கு என் தம்பி ஒரு வாக்குறுதி கொடுத்தான். பிள்ளைகள் உண்டியலில் சேர்த்த பொங்கல் காசு, பிறந்த நாள் காசு, பாட்டி ரகசியமாகக் கொடுத்த காசு எல்லாவற்றையும் எண்ணி வைக்க வேண்டும். குறைகிற தொகையை அவன் போட்டு ஒரு கேம் கன்சோல் வாங்கித் தருவான். ஒன்றுதான். பெரியவனுக்கு அப்போது பதினாலு வயது. அவனுக்கு சோனியின் ப்ளே ஸ்டேஷன்தான் வேண்டும். சின்னவனுக்குப் பதினொன்று. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் இல்லாவிட்டால் எதுவுமே வேண்டாம் என்றான்.

"ரெண்டும் டி.வி.யில மாட்டி விளையாடறதுதானே, எதுவா இருந்தா என்ன?" என்று கேட்டுத் தொலைத்தேன். ரஜினி, கமல் இரண்டு பேருமே நடிகர்கள்தானே என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

பெரியவன் ஜெயித்தான். வயது, எடை, சத்தம் மூன்றிலும் அவன்தான் மெஜாரிட்டி. சின்னவன் பதினோரு நாள் அவனோடு பேசவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்ச் சாப்பிட்டான். சாயங்காலமானால் கீழ் ஃப்ளாட்டில் எக்ஸ்பாக்ஸ் வைத்திருக்கும் நண்பன் வீட்டுக்குப் போய்விடுவான். அவன் காசும் போட்டு வாங்கிய பெட்டியை அவன் தொடவே இல்லை. 'சரியாப் போயிடும்' என்று எல்லோரும் சொன்னோம். முழுசாகச் சரியாகவில்லை என்பது அவன் அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

அடுத்த மே மாதம். ஸ்கூல் லீவு. காலையில் காபியோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மே 16, 2019 அன்று சோனியும் மைக்ரோசாஃப்டும் கைகுலுக்கிவிட்டன என்று செய்தி. சோனியின் தலைவர் கெனிச்சிரோ யோஷிதா, மைக்ரோசாஃப்டின் தலைவர் சத்யா நாதெல்லா இருவரும் சிரித்துக்கொண்டு நிற்கிற படமும் உண்டு. கேம்களை இன்டர்நெட் வழியாக அனுப்புவதற்கான ஏற்பாடுகளை, மைக்ரோசாஃப்டின் அஷ்யூர் என்ற கிளவுட் சேவையின் மேல் சேர்ந்து உருவாக்கிப் பார்ப்பதாகப் புரிந்துணர்வு ஒப்பந்தம்.

சத்தமாகப் படித்தேன். பெரியவன், "சும்மா அடிச்சு விடாதீங்க பெரியப்பா" என்றான். பேப்பரைப் பிடுங்கிப் பார்த்தான். பேச்சு வரவில்லை.

சின்னவன் மட்டும் மெதுவாகக் கேட்டான்: "அப்போ நாங்க சண்டை போட்டது?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. தேடியதில் கிடைத்தவற்றைத்தான் இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் கிளவுட் கேமிங் என்றால் என்ன? மேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கேம் உங்கள் வீட்டுப் பெட்டியில் ஓடாது. எங்கோ ஒரு பெரிய கட்டடத்தில், ஏ.சி. குளிரில் அடுக்கி வைத்திருக்கும் கம்ப்யூட்டர்களில் ஒன்றில் ஓடும். அதன் படம் மட்டும் சினிமா மாதிரி உங்கள் திரைக்கு வரும். நீங்கள் பட்டனை அழுத்தினால் அந்தச் சேதி அங்கே போகும். கன்சோலே தேவையில்லை, டி.வி. போதும், செல்போன் போதும்.

கேட்க சுலபமாக இருக்கிறது. ஆனால் சினிமாவுக்கும் கேமுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சினிமாவை நாலு செகண்டுக்கு முன்கூட்டியே அனுப்பி வைத்துக்கொள்ளலாம். கதாநாயகன் அடுத்து யாரை அடிப்பான் என்பது முடிவான விஷயம். கேமில் நீங்கள்தான் கதாநாயகன். நீங்கள் அடுத்து என்ன செய்வீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. நீங்கள் அழுத்திய பிறகுதான் அடுத்த படத்தையே வரைய வேண்டும். நல்ல கேமில் செகண்டுக்கு 60 படம். ஒரு படத்துக்குப் பதினாறு, பதினேழு மில்லி செகண்ட்தான் அவகாசம்.

கண்ணாடி இழையில் ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. வேகம்தான். ஆனால் போதாது. சென்னையில் ஒரு பையன் பட்டனைத் தட்டுகிறான், கம்ப்யூட்டர் சிங்கப்பூரில் இருக்கிறது என்று வையுங்கள். நேர்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர். போய்வர மட்டுமே கிட்டத்தட்ட 30 மில்லி செகண்ட். அதற்குள் இரண்டு படம் கடந்துவிடும். அந்த இடைவெளியில் அவன் சுடப்பட்டிருப்பான். ஐன்ஸ்டைனிடம் புகார் செய்து பிரயோஜனமில்லை. ஒரே வழி, கம்ப்யூட்டரை ஆட்டக்காரனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பது. உலகத்தில் எல்லா ஊர்க்காரனுக்கும் பக்கத்தில்.

அதாவது, உலகெங்கும் டேட்டா சென்டர்கள் வேண்டும். அப்படிக் கட்டி வைத்திருப்பவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர். அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள். 2019-ல் மைக்ரோசாஃப்டிடம் ஐம்பதுக்கும் மேற்பட்ட வட்டாரங்கள் இருந்தன. 2015 முதல் நம் சென்னையிலும் ஒன்று. சோனியிடம் அந்த அளவுக்கு இல்லை. சோனி தூங்கவும் இல்லை. 2012-லேயே கய்காய் என்ற கம்பெனியை 38 கோடி டாலருக்கு வாங்கி, 2014-ல் ப்ளே ஸ்டேஷன் நவ் என்ற ஸ்ட்ரீமிங் சேவையையும் ஆரம்பித்தது. ஆனால் இது மூளை மட்டும் போதாத வியாபாரம். நிலம், மின்சாரம், குளிர்சாதனம், கேபிள் என்று பணத்தைக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வரவேற்பறைப் போரில் ஜெயித்தவர் சோனிதான். ப்ளே ஸ்டேஷன் 4 உலகம் முழுக்க 11 கோடிக்கு மேல் விற்றது. எதிரே இருந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் அதில் பாதிகூட இல்லை. இதைச் சோனி சொல்லவில்லை. மைக்ரோசாஃப்டே 2022-ல் பிரேசில் நாட்டுப் போட்டி ஆணையத்திடம் ஒப்புக்கொண்டது. ஆக, ஜெயித்தவர் தோற்றவர் வீட்டு வாசலுக்குப் போய் "மாடி போர்ஷன் காலியா?" என்று கேட்கிறார்.

ஏன்? காலண்டரைப் பாருங்கள். மே 16-க்குச் சுமார் இரண்டு மாதம் முன்பு, மார்ச் 19, 2019 அன்று, கூகுள் ஸ்டேடியாவை அறிவித்தது. கன்சோலே வேண்டாம், ப்ரௌசர் போதும் என்றது. அதற்கு பயந்துதான் கை குலுக்கினோம் என்று இருவரும் சொல்லவில்லை. பேச்சுவார்த்தை அதற்கு முந்தைய வருஷமே தொடங்கிவிட்டது. ஆனால் பெட்டி விற்கிற இரண்டு பேருக்கும், பெட்டியே இல்லாத உலகம் வருகிறது என்கிற கவலை பொது. வெள்ளம் ஏறும்போது பாம்பும் கீரியும் ஒரே கிளையில் உட்கார்ந்திருக்கும் என்று பாட்டி சொல்வாள். நட்பு ஒன்றும் இல்லை. கிளை ஒன்றுதான் இருக்கிறது.

இந்தத் தொழிலில் இது புதிதும் இல்லை. ப்ளே ஸ்டேஷன் பிறந்ததே ஒரு முறிந்த சம்பந்தத்தில்தான். 1991-ல் சிகாகோ கண்காட்சியில், நின்டென்டோவுக்காக சி.டி. பொருத்திய இயந்திரம் செய்வதாகச் சோனி அறிவித்தது. மறுநாளே நின்டென்டோ அதே கண்காட்சியில், நாங்கள் ஃபிலிப்ஸோடு சேர்கிறோம் என்றது. நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வேறு பெண்ணோடு மேடையேறிய கதை. அந்த அவமானத்தில் கென் குடராகி என்ற இன்ஜினீயர் பிடிவாதமாகச் சொந்தமாகவே செய்து, 1994 டிசம்பரில் வெளியே வந்ததுதான் ப்ளே ஸ்டேஷன். நின்டென்டோவின் பரம எதிரியாக இருந்த சேகா, 2001-ல் கன்சோல் தயாரிப்பதை நிறுத்தியது. அந்த வருஷமே அதன் செல்லப்பிள்ளை சோனிக், நின்டென்டோ பெட்டிக்குள் ஓட ஆரம்பித்தது.

கேமுக்கு வெளியேயும் பாருங்கள். நெட்ஃப்ளிக்ஸுக்குப் போட்டி அமேசான் பிரைம். நெட்ஃப்ளிக்ஸ் ஓடுவதோ அமேசானின் கம்ப்யூட்டர்களில். நீங்கள் நெட்ஃப்ளிக்ஸுக்குச் சந்தா கட்டினாலும் அதில் ஒரு பங்கு அமேசானுக்குப் போகிறது. கடை வைத்திருப்பவரைவிட, கடைத்தெருவை வைத்திருப்பவர் நிம்மதியாகத் தூங்குகிறார்.

சோனி ஒப்பந்தத்தில் எனக்கு மனசில் தைத்தது வேறொன்று. பேச்சுவார்த்தையை டோக்கியோ மேலிடமே பெரும்பாலும் நடத்தியதாம். ப்ளே ஸ்டேஷன் பிரிவில் வேலை செய்பவர்களே செய்தி கேட்டுத் திகைத்துப்போனார்கள் என்று ப்ளூம்பெர்க் எழுதியது. அடுத்த கன்சோலுக்கு ஆபத்தில்லை என்று மேனேஜர்கள் ஊழியர்களைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்ததாம். யோசித்துப் பாருங்கள். எக்ஸ்பாக்ஸை முறியடிக்க வேண்டும் என்று பல வருஷம் ராக்கண் விழித்தவர்கள் அவர்கள். அவர்களும் என் தம்பி வீட்டுச் சின்னவனும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கைகுலுக்கி மூன்று வருஷம் ஆவதற்குள் மறுபடி சண்டை. 2022 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட், ஆக்டிவிஷன் பிளிசார்ட் கம்பெனியை 6,870 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவிக்க, 'கால் ஆஃப் டியூட்டி' எங்களுக்குக் கிடைக்காமல் போய்விடும் என்று சோனி தேசம் தேசமாக ஆட்சேபம் தெரிவித்தது. பிரிட்டன் அதைத் தடுத்தபோது சொன்ன காரணமே கிளவுட் கேமிங்தான். கடைசியில் 2023 ஜூலையில் பத்து வருஷத்துக்கு ஓர் உடன்பாடு. அக்டோபரில் கம்பெனி கைமாறியது. 2024 முதல் மைக்ரோசாஃப்ட் தன் சொந்த கேம்களையே ஒவ்வொன்றாக ப்ளே ஸ்டேஷனுக்குக் கொடுத்தது. சின்னவன் உயிராக நினைத்த ஃபோர்ஸா கார் பந்தயமும் 2025 ஏப்ரலில் வந்துவிட்டது. அன்றைக்கு அவன் பால்கனியில் சாப்பிட்டதற்கு என்ன அர்த்தம், சொல்லுங்கள்.

வெள்ளம்? அது வடிந்துவிட்டது. ஸ்டேடியா 2019 நவம்பரில் திறந்து, 2023 ஜனவரி 18-ல் மூடப்பட்டது. வாங்கிய கேம்களுக்கும், தன் கடையில் விற்ற கருவிகளுக்கும் கூகுள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அந்த மட்டும் நாணயம். ஆனால் விளையாடிய ராத்திரிகளுக்கு ரீஃபண்ட் கிடையாதே. பல கேம்களில், எந்தக் கட்டம் வரை வந்தோம் என்கிற கணக்கும் சர்வரோடு போய்விட்டது. மூடிய கடையின் ஷட்டருக்குப் பின்னால் உங்கள் செருப்பு மாட்டிக்கொண்ட மாதிரி.

சின்னவனுக்கு நான் அன்றைக்குச் சொல்லாத பதில் இதுதான். கம்பெனிகள் சண்டை போடுவது நமக்காக அல்ல. சமாதானமாவதும் நமக்காக அல்ல. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, அது வியாபாரம். சண்டையால் விலை குறைந்தால் நமக்கு லாபம், வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கொடியைத் தூக்கிக்கொண்டு சொந்த அண்ணனோடு பதினோரு நாள் பேசாமல் இருந்தால், அந்தப் பதினோரு நாளை எந்தத் தலைவரும் வந்து திருப்பித் தரப்போவதில்லை.

இன்னொன்றும் உண்டு. ஒரு பொருளை வாங்கும்போது எந்தக் கட்சி என்று பார்ப்பதைவிட, 'இந்தக் கம்பெனி நாளைக்குக் கதவைச் சாத்தினால் என் வீட்டில் என்ன மிஞ்சும்?' என்று ஒரு தரம் கேட்டுக்கொள்ளுங்கள். கேமுக்கு மட்டுமல்ல. உங்கள் போட்டோக்கள், பாட்டுகள், படித்த புத்தகங்கள் எல்லாமே இன்று யாரோ ஒருவருடைய மாடி போர்ஷனில்தான் குடியிருக்கின்றன.

பெரியவன் இப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறான். எல்லாம் சந்தாதான், மாசா மாசம் கட்டுகிறான், ஆயிரம் கேம் இருக்கிறது என்கிறான். விளையாட நேரமில்லை என்கிறான். போகும்போது அந்தப் பழைய ப்ளே ஸ்டேஷனைத் தம்பியிடமே கொடுத்துவிட்டுப் போனான்.

போன வாரம் போயிருந்தேன். சின்னவன் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு ஷூ டப்பாவை இழுத்தான். உள்ளே பதினாறு டிஸ்க், துடைத்து அடுக்கி வைத்திருந்தான். அன்று மழை, காலையிலிருந்து நெட் இல்லை. ஒன்றை எடுத்துப் போட்டான். ஓடியது.

"அண்ணன் லீவுக்கு வந்தா ரெண்டு பேரும் விளையாடுவோம் பெரியப்பா" என்றான்.