உயரம் தாண்டிய உரன்

சேலம் மாவட்டத்துச் சிற்றூர்களுள் ஒன்று பெரியவடகம்பட்டி. மாரியப்பன் தங்கவேலு அவ்வூரில் 1995ஆம் ஆண்டு பிறந்தார். ஐந்து வயதில் பள்ளிக்குச் செல்லும் வழியில் பேருந்தொன்று மோதி, அவருடைய வலக்கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிற்று. புண் ஆறியது, ஊனமோ நிலைத்தது. அன்னையார் சரோஜா கூலிவேலை செய்தும் காய்கறி விற்றும் மக்களை வளர்த்தார்.

பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர் அச்சிறுவனை உயரம் தாண்டுதலில் ஊக்கினார். பின்னர்ப் பயிற்சியாளர் சத்தியநாராயணா பெங்களூரில் அவரைப் பயிற்றுவித்தார். 2016இல் ரியோ நகரில் நிகழ்ந்த பாராலிம்பிக் போட்டியில் 1.89 மீட்டர் தாண்டிப் பொற்பதக்கம் பெற்றார். 2021இல் டோக்கியோவில் 1.86 மீட்டர், வெள்ளி. 2024இல் பாரிஸில் 1.85 மீட்டர், வெண்கலம்.

பொன்னினின்று வெண்கலத்திற்கு இறங்கினார் என்பார் உளர். எட்டு ஆண்டுகளில் குறைந்தது நான்கு சென்டிமீட்டரே அன்றோ! அதே 2024இல், கோபே நகர உலகப் போட்டியில் 1.88 மீட்டர் தாண்டி அவர் பொன் வென்றதையும் மறத்தலாகாது.

உயரம் தாண்டுதலில் ஒரு விந்தை உண்டு. முதல்வராய் நின்றவரும் கோலை மேலும் உயர்த்தச் செய்து முயல்வர். மூன்று முறை தொடர்ந்து தவறிய பின்னரே பெரும்பாலும் களம் நீங்குவர். ஆகவே, தவறுதல் இழிவன்று. கோலைத் தாழ்த்தும்படி வேண்டுதலே இழிவு. மாரியப்பன் ஒருநாளும் அங்ஙனம் வேண்டினாரல்லர். மாணவர்களே, உங்கள் கோல் எவ்வுயரத்தில் நிற்கிறது?