கல் வளருமா?

பெங்களூரிலிருந்து ஓசூர் போகும் சாலையில் கர்நாடகத்தின் கடைசி ஊர் அத்திபெலே. தாண்டினால் ஜூஜூவாடி, தமிழ்நாடு. பலகைகளில் எழுத்து மாறுகிறது. காலடியில் கிடக்கும் கல் மாறுவதில்லை. தோட்டத்து வேலிக்குத் தூணாக நிற்பதும், வாசற்படியாகக் கிடப்பதும், டிப்பரில் ஜல்லியாகப் போவதும் அதே சாம்பல் நிறக் கல்தான்.

டீக்கடையில் அருகே உட்கார்ந்தவர் கல் உடைக்கும் தொழிலாளி, தர்மபுரிக்காரர். "கல்லு வளரும்னு எங்க தாத்தா சொல்வார். வெட்டின இடத்துல திரும்ப வளர எத்தனை வருஷம் ஆகும் சார்?" என்று கேட்டார். சிரித்துத் தட்டிவிடக்கூடிய கேள்வி அல்ல.

கல்லுக்குக் கல் கணக்கு வேறு. கடற்கரை மணல் சுண்ணாம்பால் இறுகிப் பாறையாகச் சில பத்தாண்டுகளே போதும். பசிபிக் தீவுகளில் இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பொருட்கள்கூட அத்தகைய பாறைக்குள் சிக்கியிருக்கின்றன. ஹவாயின் கிலவேயா இக்கி பள்ளத்தில் 1959இல் 100 மீட்டருக்கு மேல் தேங்கிய எரிமலைக் குழம்பு முழுதும் இறுக 1990களின் நடுப்பகுதி வரை ஆயிற்று. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லோ டைனோசர் காலத்துக் கடலடியில் சிப்பியும் சேறும் லட்சக்கணக்கான ஆண்டுகள் படிந்து உருவானது.

கிரானைட் அவசரப்படாது. பல கிலோமீட்டர் ஆழத்தில், மேலே உள்ள பாறை போர்வையாக மூடியிருக்க, குழம்பு ஆற ஆயிரக்கணக்கில், சில சமயம் லட்சக்கணக்கில் ஆண்டுகள் ஆகும். மெதுவாக ஆறுவதால்தான் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் படிகங்கள் வளர்கின்றன. தாத்தா சொன்னது முழுப் பொய்யல்ல. கல் வளர்ந்ததுதான், பூமிக்குள்ளே.

இவ்வட்டாரத்தின் அடிப்பாறை, வெப்பத்திலும் அழுத்தத்திலும் வரிவரியாக உருமாறிய 'தீபகற்ப நைஸ்'. 1916இல் மைசூர் புவியியல் துறையின் டபிள்யு.எஃப். ஸ்மீத் வைத்த பெயர். பெங்களூர் லால்பாக் குன்றும் இதே இனம். வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். மேற்கே ராமநகர மலைகளின் கிரானைட் அதற்குத் தம்பி, சுமார் 250 கோடி. மேலிருந்த பாறைகள் மழையிலும் வெயிலிலும் தேய்ந்து அகன்ற பிறகே இவை வெளிச்சத்தைக் கண்டன.

லால்பாக் குன்று தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். இங்கே அதன் உறவுக்கு லோடு கணக்கில் விலை. கிரஷர் அதை நிமிடங்களில் ஜல்லியாக்கும். நகரத்துக்கு வீடு வேண்டும், இவருக்குக் கூலி வேண்டும். யாரைக் குறை சொல்வது?

கணக்கைச் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்படின்னா பார்த்துத்தான் உடைக்கணும்" என்றார்.