தலைக்கு என்ன போடுறீங்க?

கல்யாணப் பந்தியில் யாராவது இப்படிக் கேட்டால், "தேங்காய் எண்ணெய், சீயக்காய்" என்று முடித்துக்கொள்வேன். அங்கே அது போதும். கைக்குழந்தையோடு ஒரு பெண், சீப்பில் கொத்தாக வருகிறது என்று கேட்டால் உட்கார்ந்து பேசுவேன். ராத்திரி ஊறவைத்த வெந்தயத்தோடு செம்பருத்தி இலை அரைத்தால் வரும் அந்த வழவழப்பைச் சொல்வேன். டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை நான் சாப்பிட்டதையும் மறைக்க மாட்டேன். பிரசவமாகி 3, 4 மாதத்தில் முடி கொட்டுவது சகஜம்; பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் தானாகவே சரியாகும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. தான் வளரும். இதைச் சொல்லாமல் எண்ணெய் பெயரை மட்டும் சொன்னால், பாவம், பாட்டில் பாட்டிலாக வாங்கிக்கொண்டிருப்பாள். வட்டமாகச் சொட்டை விழுந்திருந்தால் மட்டும் என் கைவைத்தியம் எதையும் சொல்லாமல், தோல் டாக்டரிடம் போகச் சொல்லிவிடுவேன்.