மலிவாகக் கிடந்த பங்கு



2024 ஆகஸ்ட் 2, வெள்ளிக்கிழமை. சிப் தயாரிக்கும் இன்டெல் கம்பனியின் பங்கு ஒரே நாளில் 26 வீதம் விழுந்தது. கட்டாரிலிருந்து தம்பி வொய்ஸ் போட்டான்: "மலிவாக் கிடக்கு, என்ட பேரில வாங்கித் தாறன்." எங்கள் கையில் இருந்ததோ உம்மாவின் உம்றாவுக்குச் சேர்த்த சீட்டுக்காசு.

சிப் செய்வது ஹலாலான தொழில்தான். நாங்கள் பார்த்தது கடனை. பஹ்ரைனிலுள்ள அயோஃபி அமைப்பின் 21ஆம் ஷரீஆ நியமப்படி, ஒரு கம்பனியின் வட்டிக் கடன் அதன் மொத்தப் பங்குகளின் சந்தைப் பெறுமதியில் 30 வீதத்தைத் தாண்டக் கூடாது. இன்டெலின் கடன் சுமார் 50 பில்லியன் டொலர். 2023 முடிவில் பங்குகளின் பெறுமதி 200 பில்லியனுக்கு மேல்; கணக்குத் தேறியது. அந்த வெள்ளியன்று பெறுமதி 90 பில்லியனளவில்; கடன் அதில் பாதியைத் தாண்டியிருந்தது. பங்கிலாபத்தையும் நிறுத்தப்போவதாகக் கம்பனியே அறிவித்திருந்தது.

காத்தான்குடியில் தங்கம் விலை இறங்கினால் நாம் கடைக்கு ஓடுகிறோம். இறங்கினாலும் பவுண் அதே பவுண்தான். பங்கு அப்படியல்ல. விலை விழும்போது கடனின் பாரம் கூடிவிடுகிறது.

பிறகு விலை ஏறலாம் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனாலும் உம்மாவின் காசில் அதைச் சோதித்துப் பார்க்க மனம் வரவில்லை. தம்பியிடம் வேண்டாம் என்றோம்.

துஆச் செய்யுங்கள்.