ஹம்பி: ஆற்றோரமாக மூன்று கடைத்தெருக்கள்

ஹம்பிக்குப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும், "கல் ரதம் பார்க்காம வந்துடாதே" என்பார்கள். 50 ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருக்கிறதே, அதேதான். பார்க்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் தயவுசெய்து அங்கே ஆட்டோவில் போகாதீர்கள். விருபாட்சர் கோயிலில் இருந்து ரதம் இருக்கும் விட்டலர் கோயிலுக்கு ரோடு வழியே கமலாபுரம் சுற்றிப் போனால் சுமார் 9 கி.மீ. துங்கபத்ரா ஆற்றோரமாக நடந்தால் இரண்டு, இரண்டரை கி.மீ.தான். மலையேற்றம் எல்லாம் கிடையாது. பாறை, கல் பாவிய தடம், ஆங்காங்கே நாலைந்து படிகள், அவ்வளவுதான். எங்களோடு வந்த நண்பனின் அம்மா சாதாரண செருப்போடு நடந்து முடித்தார். (நாங்கள்தான் நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்தோம்!)

நான் படிப்பது பி.காம். அதனாலோ என்னவோ, அந்த வழி நெடுக எனக்குக் கோயில்களைவிடக் கடைத்தெருக்கள்தான் கண்ணில் பட்டன. விஜயநகரத்தில் ஒவ்வொரு பெரிய கோயிலுக்கும் முன்னால் நீளமான தேர்வீதி இருக்கும். வீதியின் இரண்டு பக்கமும் வரிசையாகக் கல் தூண் மண்டபங்கள். அவைதான் கடைகள். ஆற்றோரமாக நடந்தால் அப்படி மூன்று கடைத்தெருக்களைத் தொட்டுவிடலாம்.

முதலாவது, விருபாட்சர் கோயில் வாசலில் ஆரம்பிக்கும் ஹம்பி பஜார். முக்கால் கிலோமீட்டர் நீளம் இருக்கும். கிருஷ்ணதேவராயர் காலத்தில் 1520 வாக்கில் வந்த டொமிங்கோ பயஸ் என்ற போர்ச்சுகீசியர், இந்த நகரத்துச் சந்தைகளில் வைரம், மாணிக்கம், முத்து எல்லாம் விற்றதை எழுதி வைத்திருக்கிறார். நகரமே ரோம் அளவுக்குப் பெரியது என்கிறார். அவருக்கு முன்பே 1443-ல் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக்கை அசத்தியது ரோஜாப்பூ வியாபாரம். இந்த ஊர்க்காரர்களுக்கு ரோஜா சாப்பாடு மாதிரி அவசியம் போலிருக்கிறது என்று எழுதினார். வைரத்தைவிட எனக்கு இந்த ரோஜா விஷயம்தான் பிடித்திருக்கிறது. தினமும் பூ வாங்குகிற ஊர் என்றால் அது நிஜமான ஊர்.

இப்போது அந்தத் தெரு காலி. 1565-ல் தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு நகரம் அழிந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நான் பார்த்த வெறுமைக்கு அந்தப் போர் மட்டும் காரணமில்லை. இந்த மண்டபங்களில் பல பத்தாண்டுகளாகக் குடும்பங்கள் வாழ்ந்தார்கள். தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பி டீக்கடை, மளிகைக்கடை, சின்ன லாட்ஜ் என்று நடத்தினார்கள். ஆக்கிரமிப்பு என்று சொல்லி 2011 ஜூலை கடைசியில் புல்டோசர் வைத்து இடித்துவிட்டார்கள். அவர்களுக்குச் சில கிலோமீட்டர் தள்ளி மாற்று இடம் ஒதுக்கப்பட்டது.

இதைப் பற்றி நானும் நண்பனும் நடந்துகொண்டே சண்டை போட்டோம். "தூணில் ஆணி அடிச்சு, பெயின்ட் அடிச்சு வெச்சா நினைவுச்சின்னம் எப்படிடா மிஞ்சும்?" என்றான். 1986-லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இடம், அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. மன்னர் காலத்தில் வியாபாரத்துக்காகக் கட்டிய மண்டபம். அதில் பின்னாளில் ஒருவர் வாழைப்பழம் விற்றால் அது ஆக்கிரமிப்பு, காலியாகக் கிடந்தால் பாரம்பரியமா? சுவரை எடுத்துவிட்டு, விதிமுறை போட்டு, வியாபாரத்தை விட்டிருக்கலாம். மதுரையில் மீனாட்சி கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் எத்தனை காலம் தையல் மெஷின் ஓடியது! (அங்கிருந்தும் கடைகளைக் காலி செய்துவிட்டார்கள், அது வேறு கதை.)

பஜார் கோடியில் பெரிய கல் நந்திக்குக் கொஞ்சம் முன்னால் இடது பக்கம் திரும்பினால் ஆற்றோரப் பாதை. சக்கரதீர்த்தம் வரும், எதிரே கோதண்டராமர் கோயில். ஆறு இங்கே வளைந்து திரும்புகிறது. பரிசல் ஓடும். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். கல்லும் தண்ணீரும் தவிர வேறொன்றும் இல்லை, ஆனாலும் ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

இன்னும் கொஞ்சம் போனால் வலது பக்கம் அச்சுதராயர் கோயில் கடைத்தெரு. 1534-ல் அச்சுதராயரின் அதிகாரி ஒருவர் கட்டிய கோயில். தெருவுக்குத் தாசிகள் தெரு என்று பெயர். ஈ, காக்கை இல்லை. மூன்றில் இதுதான் அழகு என்பேன்.

திரும்பவும் ஆற்றோரம் வந்தால் சுக்ரீவன் குகை. அதன் பின் ராஜாவின் துலாபாரம்: இரண்டு கல் தூண், மேலே ஒரு உத்தரம். அரசர் தன் எடைக்கு எடை பொன்னோ ரத்தினமோ வைத்துத் தானம் செய்த இடமாம்.

ஆற்றை ஒட்டிப் புரந்தரதாசர் மண்டபம். பாட்டு கத்துக்கொண்டவர்களுக்கு இவரைத் தெரியாமல் இருக்காது. மாயாமாளவகௌளையில் சரளி வரிசையோடு பாடத்தை ஆரம்பிக்கும் முறையை வகுத்தவர் இவர் என்பார்கள். துறவுக்கு முன்னால் அவர் வட்டிக்கும் நகை வியாபாரத்துக்கும் பேர் போன பெரும் பணக்காரர், மகா கஞ்சன். ஏழை ஒருவருக்கு மனைவி தானமாகக் கொடுத்த மூக்குத்தி, அவர் கடைக்கே விற்பனைக்கு வந்து, அதில்தான் மனம் மாறினார் என்பது கதை. அவர் காலமானது 1564-ல் என்பார்கள். மறு வருடம் ஜனவரியில் தலைக்கோட்டை. ஊர் எரிந்ததை அவர் பார்க்கவில்லை.

மண்டபத்துக்குப் பக்கத்தில் ஆற்றுக்குள் வரிசையாகக் கல் தூண்கள் நிற்கின்றன, பழைய பாலத்தின் மிச்சம். எதிர்க்கரை ஆனேகுந்தி.

கடைசியாக விட்டலர் கோயிலும் அதன் கடைத்தெருவும். இங்கேதான் குதிரைச் சந்தை நடந்தது என்கிறார்கள். குதிரை விஷயத்தில் எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. நூனிஸ் என்ற போர்ச்சுகீசியக் குதிரை வியாபாரி எழுதியது. சாளுவ நரசிம்மர் ஹோர்முஸ், ஏடன் துறைமுகங்களில் இருந்து குதிரை வரவழைத்தார். உயிரோடு வந்தாலும் செத்து வந்தாலும் விலை ஒன்றுதான். கடலில் செத்துப்போன குதிரைக்கு வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும், முழுப் பணம்! கப்பலில் ஏற்றியதுமே நஷ்டப் பொறுப்பு வாங்குபவருக்கு வந்துவிடும் எஃப்.ஓ.பி. ஒப்பந்தத்தை வகுப்பில் மூன்று நாள் நடத்தினார்கள், மண்டையில் ஏறவில்லை. இந்தக் குதிரை வால் ஒரே நிமிஷத்தில் புரிய வைத்துவிட்டது.

போகிறவர்களுக்கு: காலை ஆறரைக்கே கிளம்பிவிடுங்கள், ஒன்பதுக்கு மேல் பாறை சுடும். தண்ணீர் கையில் இருக்கட்டும். இருட்டிய பிறகு இந்தப் பாதை வேண்டாம், ஆள் நடமாட்டமே இருக்காது. மழைக்காலத்தில் மேலே துங்கபத்ரா அணையைத் திறந்தால் புரந்தரதாசர் மண்டபமே தண்ணீருக்குள் போய்விடும், பாதையும் சில இடங்களில் முழுகும். விசாரித்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது கால் வலித்தால் விட்டலர் கோயில் வாசலில் பேட்டரி வண்டி இருக்கிறது, கார் நிறுத்தும் இடம் வரை கொண்டுவிடுவார்கள். அங்கே ஆட்டோ கிடைக்கும். நாங்கள் வந்த வழியே நடந்தோம். ஹம்பி பஜார் முனையில் ஒரு பாட்டி கூடையில் வெள்ளரிக்காய் வைத்துக்கொண்டு, கீறி மிளகாய்ப்பொடி தூவி விற்றுக்கொண்டிருந்தார். ஆளுக்கு இரண்டு வாங்கினோம்.