கட்டைவிரலும் காந்த பிரேக்கும்

சர்க்கரை வியாதி வந்து பதினெட்டு வருடமாகிறது. பாதத்தைப் போலவே வலது கை விரல் நுனிகளிலும் இப்போது பாதி உணர்ச்சிதான். சட்டைப் பொத்தான் போடக்கூடக் கண்ணாடி முன் நிற்க வேண்டியிருக்கிறது. அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. எந்த ரீல் வாங்குவது என்ற கேள்வியே எனக்கு இங்கிருந்துதான் தொடங்கியது.

ஓய்வு பெற்ற நாளிலிருந்து வாரம் இரண்டு தடவை, எண்ணூர் விரைவுச் சாலை ஓரம் கடல் அரிப்புக்காகக் கொட்டியிருக்கும் கருங்கற்களின் மேல் நின்று தூண்டில் போடுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து எண்ணூர் முகத்துவாரம் கறுத்துப் போனபோது மட்டும் சில மாதம் போகவில்லை. மற்றபடி கெளுத்தி, கிழங்கான், யோகம் இருந்தால் ஒரு கொடுவா.

"அப்பா, ஸ்பின்னிங் ரீல் வாங்கிட்டு வர்றேன், அதான் உங்களுக்கு ஈஸி" என்றான் சிங்கப்பூரில் இருக்கும் மகன். ஈஸிதான். அதில் ஸ்பூல் சுற்றாது, நரம்பு வளையம் வளையமாக உருவிக்கொண்டு போகும், சிக்கும் குறைவு. ஆனால் வீசி விடும் கணம் வரை நரம்பை ஆள்காட்டி விரலில் மடித்துப் பிடிக்க வேண்டும். 150 கிராம் ஈயத்தை முழு வேகத்தில் வீசும்போது அந்த நரம்பு கத்தி மாதிரி. மற்றவர்கள் வலித்ததும் விட்டுவிடுவார்கள். எனக்கு ரத்தத்தைப் பார்த்தால்தான் வெட்டியதே தெரியும். சர்க்கரைக்காரனுக்கு விரலில் புண் வந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் தெரு நண்பர் ஒருவரிடம் பார்த்தாகிவிட்டது; இரண்டு விரல்களை எடுத்தார்கள். கையுறை போடலாமே என்பீர்கள். போட்டால் மிச்சமிருக்கும் உணர்ச்சியும் போய்விடும்.

கன்வென்ஷனல் ரீலில் ஸ்பூலே உருண்டு நரம்பை விடும். கட்டைவிரலை அதன் மேல் அகலமாக அழுத்திப் பிடிப்பதால் வெட்டுக்கு வழியில்லை. சங்கடம் வேறு இடத்தில். காற்றில் ஈயத்தின் வேகம் குறைந்த பிறகும் ஸ்பூல் குறையாமல் சுற்றினால் நரம்பு பொங்கி எழுந்து காக்கைக் கூடாகிவிடும். அப்படியே பூட்டிக்கொண்டால் நரம்பு அறுந்து ஈயம் மட்டும் தனியாகப் பறக்கும். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கற்களின் மேல் குடும்பம் குடும்பமாக நிற்கிறார்கள். "பெரியவரே, ஈயம் எங்க போவுதுன்னு பாத்து வீசுங்க, கொழந்தைங்க கீது" என்றான் காசிமேட்டுப் பையன் ஒருவன். நியாயமான பேச்சு. சிக்கைத் தடுப்பது கட்டைவிரலின் நுண்ணுணர்வு. என் கட்டைவிரலை நம்பி அந்தப் பிள்ளைகளை நிற்க வைக்க முடியாது.

ஆகவே விரலின் வேலையை ரீலே செய்தாக வேண்டும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற நண்பர் தன் பழைய பென் செனட்டரை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அருமையான சாமான், இழுவையில் ராஜா. ஆனால் படகில் இருந்து நேராகக் கீழே இறக்குவதற்கான கனத்த ஸ்பூல். லேத்தில் பெரிய சக் மாட்டினால் சுவிட்சை அணைத்த பிறகும் சுற்றிக்கொண்டே இருக்குமே, அதே கதை. கரையிலிருந்து வீச இலேசான ஸ்பூல்தான் வேண்டும்.

அடுத்தது பிரேக். அபு அம்பாசடர் 6500-இல் சின்னச் சின்னக் கட்டைகள் சுழற்சியில் வெளியே தள்ளப்பட்டு உரசும். நல்ல ஏற்பாடு. ஆனால் மாற்றுவதற்குப் பக்கத் தகட்டைக் கழற்ற வேண்டும், கல் இடுக்கில் ஒரு கட்டை விழுந்தால் போச்சு. காந்த பிரேக்கில் அந்தத் தொல்லை கிடையாது. அலுமினியத்தைக் காந்தம் ஈர்க்காது. ஆனால் காந்தத்தின் அருகில் அது சுழன்றால் எதிர்ப்பு உண்டாகும், வேகம் கூடக் கூட எதிர்ப்பும் கூடும். பழைய மின்சார மீட்டரில் கண்ணாடிக்குள் சுற்றும் தட்டை அளவோடு சுற்ற வைப்பதும் இதே சங்கதிதான். வெளியிலிருந்தே திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். நம் கரைக்கு இது முக்கியம். காலையில் முதுகுப் பக்கம் இருக்கிற காற்று மதியத்துக்குள் முகத்தில் அடிக்கும். எதிர்க்காற்றில் ஈயம் சீக்கிரம் தளரும், பிரேக் கூடுதலாக வேண்டும்.

கடைசியில் பென் 525 மேக். பழசுதான் கிடைத்தது, குறையில்லை. நரம்பைச் சீராகச் சுற்றித் தரும் லெவல்வைண்ட் அதில் இல்லை, இல்லாததே நல்லது. அந்தத் திருகாணியில் மணலும் உப்பும் ஏறும், கனத்த முன்நரம்பின் முடிச்சும் அதில் மாட்டும். இடது கட்டைவிரலால் தள்ளித் தள்ளிச் சுற்றுகிறேன். அதற்கு உணர்ச்சி தேவையில்லை, கண் போதும். கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் ஆறு சுற்று என்பதால் ஈயம் சட்டென்று மேலே எழும்பிக் கற்களைத் தாண்டி வந்துவிடுகிறது.

பின்னல் நரம்பு வேண்டாம் என்று மகனிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். கட்டைவிரலுக்கு அடியில் வழுக்கினால் தோலைச் சுட்டுவிடும், அதுவும் எனக்குத் தெரியாது. 0.35 மி.மீ. நைலான் போதும். முனையில் முன்நரம்பு: ஒரு அவுன்ஸ் ஈயத்துக்குப் பத்து பவுண்டு பலம் என்று கணக்கு. 150 கிராம் என்றால் ஐந்து அவுன்ஸுக்குச் சற்று மேல், ஆகவே 60 பவுண்டு நரம்பாகவே கட்டுகிறேன். இது பக்கத்தில் நிற்பவர்களுக்காக.

காந்தத்தை முழுவதும் ஏற்றி வைத்துத் தொடங்கினேன். இப்போது இரண்டு படி குறைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போவதில்லை.